ஊசி கொடுத்த பேச்சு

என் அப்பா சிரித்தார் என்பதற்காக எனக்குக் கல்யாணம் நிச்சயமாகப் பார்த்தது.

ஊத்தங்கரையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை புளி வியாபாரி. முதல் மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள் வேறு. எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, கேசரியும் காப்பியும் கொடுத்தாயிற்று. நெய் வாசனையும் வந்தவர்களின் புது வேட்டி வாசனையும் சேர்ந்து கூடத்தை நிறைத்திருந்தன. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவிடம் கேட்டார்.

"என்னாடா ரத்தினம், பொண்ணக் குடுத்துடலாமா?"

அப்பா சிரித்தார்.

புன்னகை அல்ல. வயிறு குலுங்க, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. வந்தவர்களுக்கு ஒரே பூரிப்பு. மாப்பிள்ளையின் அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டு, "சம்மந்திக்கு எம்மாஞ் சந்தோசம் பாரு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!" என்றாள்.

"சந்தோசத்துல அவனுக்குக் கை காலு ஓடல" என்றார் பெரியப்பா. கையோடு அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சய தாம்பூலம் என்று சொல்லியும்விட்டார்.

அதற்கு முந்தின வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பிணத்தின் தலைமாட்டில் நின்று அப்பா இதே சிரிப்பைச் சிரித்தார். அன்றைக்கு அவரை அடிக்கக் கை ஓங்கினார்கள். சாவு வீட்டில் சிரித்தால் திமிர், பெண் பார்க்கும்போது சிரித்தால் சம்மதம். எங்கள் சொந்தக்காரர்களின் வைத்திய ஞானம் அவ்வளவுதான்.

மூச்சு விடச் சொன்ன போலீஸ்

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் உங்கள் அப்பா வாயைத் திறப்பதே இல்லையே, அவ்வளவு அழுத்தக்காரரா என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஐயா, அவர் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கேழ்வரகுக் காடு. அதோடு அப்பாவுக்கு மாட்டுத் தரகும் உண்டு. தெலுங்குக்காரனிடம் தெலுங்கு, கன்னடக்காரனிடம் கன்னடம், ஏமாற்றுகிறவனிடம் மூன்றும் கலந்து பேசுவார். பள்ளிக்கூடம் போகாதவர். எழுதத் தெரியாது. எல்லாம் வாய்தான்.

அந்த வாய் முதலில் கொஞ்சம் குழறியது. நாக்கு தடித்துவிட்டது போலப் பேசினார். பிறகு மூக்கால் பேசுகிற மாதிரி ஆயிற்று. சந்தையில் மட்டும் நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தானே! விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் போன பிறகும் அப்பா மாடு விற்றுக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் வேறு கதை. மதுவிலக்குக் காலம் அது. நாக்குக் குழறினால் சாராயம் என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். "எல்ல தாண்டிப் போயி ஊத்திக்கினு வர்றான்" என்று பேசினார்கள். ஒருநாள் ஓசூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் அப்பாவை நிறுத்தி, மூஞ்சிக்கு நேராக ஊதச் சொன்னார். அப்பா ஊதினார். உதடு குவியாமல் எச்சில்தான் தெறித்தது. போலீஸ்காரர் காக்கிச் சட்டையைத் துடைத்துக்கொண்டு ஒரு அறை விட்டார். வாயில் வாடை இல்லை என்பதை அறைந்த பிறகுதான் யோசித்தார் போலிருக்கிறது. "சரி, போ" என்றார்.

அப்பா திரும்பி வந்து மாட்டைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கு அந்தப் போலீஸ்காரர் மேல் இருக்கிற கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

களியை மெல்லக்கூடாது

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேழ்வரகுக் களியை மென்று தின்னக்கூடாது. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். களியை மெல்லுகிறவன் வெளியூர்க்காரன். ஒரு ஆணின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "களி எறங்குது" என்பதுதான் பதில்.

அப்பாவுக்குக் களி தொண்டையில் நின்றது. உடனே, "நோயாளிக்குத் தண்ணியாக் குடுங்க" என்று ஊரே வைத்தியம் சொன்னது. கஞ்சித் தண்ணீர், இளநீர், பால் என்று செம்பு செம்பாகக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் ஆபத்து. உருண்டை நிற்கும், அவ்வளவுதான். தண்ணீரோ தப்பான வழியில் போகும். ஒரு வாய் பால் குடித்தால் மூக்கில் ஏறி, இருமி, கண் பிதுங்கி, முகம் கறுத்துவிடும். "பால் ஆகாதுங்க" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாலு ஆகாதவன் எவன்டி ஒலகத்துல?" என்று பெரியம்மா தானே கிண்ணத்தை எடுத்து ஊட்டினாள். அன்று அப்பா பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

களியைக் கொஞ்சம் இளக்கமாகக் கிண்டி, மொச்சைக் குழம்பில் குழைத்து, தலையைக் குனிந்து விழுங்கினால் இறங்குகிறது என்று அம்மா தானாகக் கண்டுபிடித்தாள். அவள் எச்சில் துடைக்கிற துணி எப்போதும் இடுப்பில் இருக்கும். அப்பா குழறுவது அவளுக்கு மட்டும் புரிந்தது. "அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்றாரு" என்பாள். அது நம்பப்பட்டது. "அவரு இந்த சம்மந்தம் வேணாங்கறாரு" என்றாள். அது மட்டும் நம்பப்படவில்லை. "உன் இஷ்டத்த அவன் பேருல சொல்லாத" என்று பெரியப்பா எரிந்து விழுந்தார்.

நாட்டு வைத்தியர் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார். பேச்சு வராத குழந்தைக்குச் செய்வதை நாற்பது தாண்டின மனிதருக்குச் செய்தார். பெரியம்மா குலதெய்வத்துக்கு வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக வேண்டிக்கொண்டாள். அந்த அம்மாளின் நாக்கையே காணிக்கையாகப் போட்டிருந்தால் எங்கள் குடும்பத்துக்கே விமோசனம் கிடைத்திருக்கும்.

பெங்களூர் டாக்டர்

கடைசியில், பெண் பார்க்க வருவதற்குச் சில மாதம் முன்பு, ஓசூர் டாக்டர்தான் பெங்களூருக்கு அனுப்பினார். ஆண் துணை வேண்டும் என்று பெரியப்பாவும் கூட வந்தார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கன்னடக்காரர். மெலிந்த மனிதர். சிரிக்கவே மாட்டார். அப்பாவின் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி விளக்கு வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாக்கு பாதியாய் இளைத்து, தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளாக எத்தனையோ பேர் வைத்தியம் சொன்னார்களே, ஒருவராவது அந்த வாயைத் திறந்து பார்த்தார்களா?

டாக்டர் அப்பாவின் கையில் ஒரு ஊசி போட்டார். காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, எண்ணச் சொன்னார்.

"ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ண ஆரம்பித்தார் அப்பா.

மெதுவாக, மூக்கடைத்த குரலில்தான். ஆனால் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இருமல் இல்லை. காலி டம்ளரை எங்களிடம் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. அவர் வேறொரு நோயாக இருக்கும், ஊசிக்கு முழுக்கக் கட்டுப்படும் என்று எதிர்பார்த்திருக்கிறார். இது அது இல்லை. இதில் பேசவும் விழுங்கவும் வைக்கிற நரம்புகளே கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. அதற்கு மருந்து கிடையாது. "இந்த ஊசி திரியைத் தூண்டுகிற மாதிரி. எண்ணெய் ஊற்றாது. கொஞ்ச நேரம் பேசுவார், விழுங்குவார். பிறகு பழையபடிதான். நாளாக நாளாக இதுவும் கேட்காது" என்றார். தன்னை மீறி வருகிற சிரிப்பும் அழுகையும் இதே நோயின் வேலை என்றும் சொன்னார். ஊசியால் எச்சில் ஊறும், வயிற்றை இழுக்கும், அதற்குக் கூடவே இன்னொரு ஊசி வேண்டும். மற்ற நாளில் எச்சில் வடியாமலிருக்க பெல்லடோனா சொட்டு மருந்து. எல்லாவற்றையும் கன்னடத்தில் பெரியப்பாவிடம் விளக்கினார்.

பெரியப்பா வெளியே வந்து தமிழில் சொன்னது: "ஊசி போட்டா சரியாயிடுமாம். ஒண்ணுமில்லயாம்."

அப்பாவுக்குக் கன்னடம் தெரியும் என்பது பெரியப்பாவுக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. அப்பா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பெங்களூர் டாக்டர் சொன்னது முழுவதையும் பிறகு ஓசூர் டாக்டர்தான் சீட்டைப் படித்து அம்மாவுக்கும் எனக்கும் சொன்னார்.

நான் நர்ஸான பிறகு அந்த நியோஸ்டிக்மின் ஊசியை வேறு வியாதிக்காரர்களுக்கு எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு வந்த நோய்க்கு அது மருந்தே அல்ல என்று பெரிய டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். எனக்கு அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

யார் வாய்?

எங்கள் பக்கத்து நிச்சய தாம்பூலத்தில் பெண்ணின் தகப்பன் சபையில் வாயால் சொல்ல வேண்டும். தட்டைக் கையில் பிடித்து, "பொண்ணு உங்க ஊட்டுது" என்று மூன்று முறை சொன்னால்தான் வாக்கு. தலையாட்டினால் போதாது. தகப்பன் இல்லை என்றாலோ பேச்சு இல்லை என்றாலோ அவனுக்கு மூத்தவன் சொல்லலாம்.

இப்போது புரிகிறதா, பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று? தம்பியின் வாய் அடைத்துக்கொண்டிருக்கும்போதே தன் வாயைத் திறந்துவிட வேண்டும். தம்பி மகளைப் புளி மண்டியில் சேர்த்துவிட்டால் ஊத்தங்கரையில் தனக்கும் ஒரு சொந்தம், ஒரு செல்வாக்கு. என்னை ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா, பேச்சு இருந்த நாளிலேயே சொல்லியிருந்தார். "பொட்டப் புள்ள ஊரான் பீ மூத்திரம் அள்ளப் போவுதா?" என்று பெரியப்பா அப்போதே துள்ளினார்.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் அப்பா அம்மாவை அழைத்தார். சட்டைக் கையை மடித்து, புஜத்தில் விரலால் குத்திக் காட்டினார். பிறகு தன் வாயைத் தொட்டார். அம்மா, "வெள்ளிக்கெழமைக்கா?" என்றாள். அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

வெள்ளிக்கிழமை

ஓசூர் டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பருத்த ஆள். எப்போதும் எரிச்சலாகவே பேசுவார், ஆனால் வருவார். ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம், அதற்குள் தாம்பூலம் முடிந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கை வைத்து அவர் ஊசியைப் போட்டார்.

"சீக்கிரம் ஆகட்டும்மா. இது உங்க பஞ்சாங்கம் பாத்து வேல செய்யாது" என்று சொல்லிவிட்டு, வேறு நோயாளி காத்திருக்கிறார் என்று கிளம்பிப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ராயக்கோட்டைக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டதாம். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மெல்ல, "மங்கா" என்று கூப்பிட்டார்.

என் பெயரை அவர் வாயால் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. ஓடிப் போய் முன்னால் நின்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வார்த்தையைச் செலவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கப் பயந்து நின்றேன். பெற்ற தகப்பனின் குரல் திரும்பி வந்திருக்கிறது, அதைக் கேட்காமல் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலத்தில் வாசல் மிதிப்பார்களா? ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பா மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து, "பன்னெண்டு அடிச்சதும் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பேசக்கூடாது" என்று உத்தரவு போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அப்பாவிடம் பேச்சு இருக்காது. பெரியப்பா நாள் குறித்தபோது இதைத் திட்டமிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு மூளை அவருக்கு இல்லை. ஆனால் ஊசி போட்டிருக்கிறது என்று அம்மா பதறிப்போய்ச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "அதுக்கென்னாம்மா பண்றது? ராவு காலத்த நானா வெச்சேன்?" என்று துண்டால் விசிறிக்கொண்டே மரத்தடிக்குத் திரும்பினார்.

அப்பா எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டி நேராக மரத்தடியைப் பார்த்து நடந்தார். அம்மா பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். கல்யாணப் பெண் அப்படி ஓடக்கூடாதாம். பார்த்தவர்கள் பிறகு மாதக்கணக்கில் பேசினார்கள்.

மரத்தடியில் எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்கள் முன்னால் நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"எம் பொண்ண... நான் குடுக்கல."

மோர் டம்ளர்கள் நின்றன.

"அன்னைக்கு சிரிச்சது... வியாதி. சம்மதம் இல்ல. அவ... நர்சு படிக்கப் போறா."

"டேய், ராவு காலத்துல சொன்னது வாக்காடா?" என்று பெரியப்பா பாய்ந்தார். "கேக்காதீங்க சம்மந்தி. அவனுக்கு ஊசி போட்டிருக்குது. ஊசி பேசுது, அவன் பேசல."

"அண்ணா, நீ சும்மா இரு" என்றார் அப்பா. அதுவும் தெளிவாகத்தான் விழுந்தது.

பெரியப்பாவுக்குத் தலைக்கு மேல் வெள்ளம். "இவனுக்குப் புத்தி சரியில்லீங்க" என்று கடைசி ஆயுதத்தை வீசினார். அது திரும்பி அவர் மேலேயே விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்பிடியா? பைத்தியக்காரன் பெத்த பொண்ணத்தான் எங்க தலையில கட்டப் பாத்தியா? புத்தி நல்லா இருந்தாலும் ஆவாது. ராவு காலத்துல எதிருல வந்து இல்லன்னுட்டாரு. இதுக்கு மேல அந்த வாசப்படிய மிதிச்சா நம்ம குடும்பம் வெளங்குமா? எந்திரிங்க எல்லாரும்."

எழுந்துவிட்டார்கள். பெற்றவன் கொடுக்கவில்லை என்றது அவர்கள் காதில் ஏறவில்லை. பெண் ஓடி வந்து நிற்கிறாள், அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ராகுவுக்கு மட்டும் பயந்தார்கள். மாப்பிள்ளை என்று வந்த மனிதர் நல்ல நாக்கும் நல்ல தொண்டையும் வைத்துக்கொண்டு, கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் போனார்.

ஒரு உருண்டை

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவைப் பார்த்து, "களி" என்றார்.

விருந்துக்கு வடை பாயசமெல்லாம் செய்து வைத்திருந்தது. அவர் கேட்டது களி. அம்மா அடுப்பைப் பற்றவைத்து, பழைய நாள் மாதிரி கெட்டியாகவே கிண்டினாள். ஆவி பறக்க வட்டிலில் வைத்து, மொச்சைக் குழம்பை ஊற்றினாள். குரல் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் தொண்டையில் ஊசியின் வேகம் இன்னும் மிச்சம் இருந்தது. அப்பா உருட்டினார், புரட்டினார், விழுங்கினார். மெல்லவில்லை. இறங்கியது.

அதற்குப் பிறகு போட்ட ஊசிகளில் எதுவும் அப்படிக் கேட்கவில்லை. நான் படிப்பு முடித்து வெள்ளைச் சேலை கட்டி வந்தபோது அப்பா இல்லை. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் களி தின்றுகொண்டிருந்தார்.

பெரியப்பா வாசலில் நின்று கத்தினார். மானம் போயிற்றாம், இனி இந்தப் பெண்ணை எவன் கட்டுவானாம். "பேச்சு வந்த ஒரு நாளுல, பெத்த பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டியேடா!"

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சிரித்தார்.

சத்தமில்லாத சிறிய சிரிப்பு. ஆரம்பித்தார், வேண்டியமட்டும் சிரித்தார், நிறுத்தினார்.

"பாரு, பாரு, மறுபடியும் வியாதி வந்துடுச்சு" என்றார் பெரியப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். அவரிடம் முகம் நிமிர்ந்து அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது வியாதி இல்லீங்க மாமா. இது அவரு."

அப்பா வட்டிலை நகர்த்தி, இன்னொரு உருண்டை வைக்கச் சொன்னார்.